அக்காதான் பார்த்தாங்க

கோடிங் கற்றுக்கொள்ள நான் அந்தப் பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடியது. செருப்புக்கடையில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து எழுந்து என் முழங்கால் அப்போதே போயிருந்தது. மூன்று இடம் பார்த்தேன். முதல் இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் என் கனவு என்ன என்று கேட்டாள். எனக்கு அப்படி ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. இரண்டாவது இடத்தில் சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் புகைப்படங்கள். அதில் இருந்த ஒருவர்தான் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது இடத்தில் லிஃப்ட்.

இவன் எதற்கு இதையெல்லாம் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். கேஸை விசாரிக்கிற நீங்கள் அக்காவைப் பற்றிக் கேட்கத்தான் வந்தீர்கள். எங்கள் ஆபீஸில் இருந்த அக்கா ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரா என்பது என் சாட்சியைப் பொறுத்தது என்றீர்கள். ஆமாம், இல்லை என்று இரண்டு வார்த்தையில் முடிகிற வேலை என்றும் சொன்னீர்கள். அப்படிச் சுருக்கமாக முடிக்க எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை முடித்தும் இருக்கிறேன். அதனால்தான் இந்தத் தடவை முதலிலிருந்து வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் பச்சை சார் என்று கூப்பிடுவோம். நாம் எழுதுகிற புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதற்கென்று ஒரு டெஸ்ட் இருக்கும். அதுவும் ஒரு புரோகிராம்தான். ஓட்டிப் பார்த்தால் சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. சார் வகுப்புக்குள் நுழையும்போதே "என்னப்பா, பச்சை வந்துச்சா?" என்பார். என்ன எழுதினோம், ஏன் எழுதினோம் என்று கேட்டதில்லை. நல்ல மனுஷர்தான். அவருக்கு அறுபது பேரைக் கரையேற்ற வேண்டியிருந்தது.

ஒருநாள் எனக்குச் சிவப்பு போகவே இல்லை. இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிற சின்னப் பயிற்சி. பதில் ஏழு வர வேண்டும், எனக்கு ஆறு வந்தது. எங்கே தப்பு என்று தேடித் தேடிக் கண் எரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டெஸ்டைத் திறந்தேன். அதில் ஏழு என்று இருந்ததை ஆறு என்று மாற்றினேன். பச்சை வந்தது. சார் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாமல் இருக்க முடியாது. "கெட்டிக்காரன்டா நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மா போட்ட சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டாவது தடவை அவ்வளவு வெட்கம் இல்லை. கடையில் நான் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஒரு நம்பர் சின்னதாக இருந்தால், "போடப் போட சரியாயிடும் சார்" என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவோம். கால் கடிப்பது அவர் வீட்டுக்குப் போன பிறகு.

படிப்பு முடிந்ததும் வேலை உடனே கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் அனுபவம் கேட்டார்கள். அனுபவம் வர வேலை வேண்டும், வேலை வர அனுபவம் வேண்டும், இந்தச் சுற்றில் நான் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் "என் பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். திரும்பவும் செருப்புக்கடைக்குப் போவதாக இருந்தால் ஊரைவிட்டே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் இந்தக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற பட்டன் செய்கிற கம்பெனி. என்னை இன்டர்வியூ செய்தது அக்கா. அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளி உட்பட. நான் எழுதியதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரியாதத தெரியாதுன்னு சொல்லத் தெரியுமா?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பதற்றத்தில் "தெரியாதுங்க" என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் குறும்பாகப் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டார். "இந்த வாய் போதும், பொழச்சுப்பே" என்றார். என்னை வேலைக்கு எடுத்தது அந்த ஒரு பதிலுக்காகத்தான். அது நகைச்சுவை இல்லை, உண்மையாகவே சொன்னேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அக்காவிடம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். அவருக்கு ஸ்கூல் போகிற ஒரு மகள். சாயங்காலம் மகளைக் கூப்பிடப் போகும் நேரம் வந்தால் பாதி வாக்கியத்தில்கூட எழுந்து போவார். ஆனால் அதுவரை என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, இது என்ன பண்ணுதுன்னு எனக்குக் கதை மாதிரி சொல்லு" என்பார். நான் தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார். "இல்லடா கண்ணு, திரும்ப யோசி" என்பார். என்னை அப்படிக் கூப்பிட வீட்டுக்கு வெளியே வேறு யாரும் இருந்ததில்லை.

பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அழுத்தினால் வீட்டில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குச் செய்தி போகும். பெட்டி அதை எங்கள் மையத்துக்கு அனுப்பும். மையத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்த பிறகுதான் பட்டனில் பச்சை விளக்கு எரிய வேண்டும். பதில் வராதவரைக்கும் சிவப்புதான், பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சையைப் பார்த்தவர்கள் எழுந்திருக்க முயற்சி செய்து எலும்பை இன்னும் முறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அட்டையில் ஒரு குறிப்பு இருக்கும்: பச்சை எரிந்தால் உதவி வருகிறது, அசையாமல் இருங்கள். அந்தக் குறிப்பை எழுதியது நான்தான். எளிமையாக இருக்கிறது என்று முதலாளி பாராட்டினார்.

அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும் பகுதியைப் புதிதாக எழுதும் வேலை எனக்கு வந்தது. என்னை பர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்கிற வாரம் அது. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு அழுத்திப் பார்ப்பது ஒரு டெஸ்ட். விளக்கு சிவப்பாகவே இருக்க வேண்டும். நான் எழுதியதில் பெட்டி பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து அப்படியே உறைந்துவிடும். சில நேரம் சரியாக வரும், சில நேரம் வராது. அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் திரும்ப யோசி என்பார், நான் யோசிப்பேன், அதற்குள் வாரம் போய்விடும். மறுநாள் காலை புது பட்டன்கள் வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது.

நான் காத்திருக்கிற பகுதியை எடுத்துவிட்டேன். அனுப்பினாலே கிடைத்த மாதிரி என்று வைத்துக்கொண்டேன். டெஸ்டைத் திறந்து, சிவப்பு என்று இருந்த இடத்தில் பச்சை என்று மாற்றினேன். எல்லாம் பச்சை.

புதியவன் எழுதுவதை அக்கா பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். அன்றைக்கு அவர் மகளுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்திருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்து என் திரையைப் பார்த்தார். நானே அந்த நேரமாகப் பார்த்துத்தான் காட்டினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"எல்லாம் பாத்துட்டியாடா?"

"பாத்துட்டேங்க்கா."

"நீ பாத்தா சரி" என்று சொல்லி ஒப்புதலை அழுத்திவிட்டு ஓடினார்.

என்னை பர்மனென்ட் ஆக்கினார்கள். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். நான் கெட்டவன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நெட் எப்போதாவதுதான் போகும். அது போகிற நேரத்தில் ஒருவர் விழ வேண்டும். இரண்டும் சேர்ந்து வர என்ன வாய்ப்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுச் சமாதானம் ஆகியிருந்தேன். இரண்டு தேதிக்கு நடுவில் ஏழா ஆறா என்று தெரியாதவன் போட்ட கணக்கு.

எங்கள் பட்டனை மாட்டியிருந்த பல் டாக்டரம்மா ஒருவர், அவரை நான் பார்த்ததில்லை. ரிட்டையர் ஆகித் தனியாக இருந்தவர், மகள் வேறு ஊரில். அவருடைய தெருவில் குழி தோண்டினவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. பட்டனை அழுத்தினார். பச்சை எரிந்தது.

அம்மாவுக்குக் காரியம் முடிந்ததும் அவர் மகள் ஆபீஸுக்கு வந்திருந்தார். கத்தவில்லை, அழவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பட்டனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"அம்மா ஒரே ஒரு தடவதான் அழுத்தியிருக்காங்க. உங்க ஆளுதான் உள்ள இருந்த பதிவ எடுத்துக் காட்டினார். போன் ஹால்லதான் இருந்துது. நகர்ந்து போயிருக்கலாம், கைக்கு எட்டின துண்டயெல்லாம் இழுத்துப் போத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க, அந்த அளவுக்குத் தெம்பு இருந்திருக்கு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கலாம். பச்சை எரிஞ்சா அசையாதீங்கன்னு போட்டிருந்தீங்களே. எங்க அம்மா சொன்ன பேச்சு கேக்கறவங்க."

அவர் போன பிறகு நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். எனக்குக் குற்ற உணர்ச்சியே கிடையாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் வரும்.

முதலாளி வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். நீளமான மேஜை. ஒரு பக்கம் அவரும் முதலாளியும், எதிர்ப்பக்கம் நானும் அக்காவும். விசாரிக்க வந்தவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லை, வக்கீல். அவர் என்னிடம்தான் முதலில் கேட்டார். அவர் கேட்ட கேள்வி எனக்கு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கற அந்தப் பகுதி, அத யாரு பாத்தாங்க?"

நான் சொன்னேன்: "அக்காதான் பாத்தாங்க."

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்கா பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஆனால் நம் பேச்சில் கடையைப் பார்க்கிறார் என்றால் கடையை நடத்துகிறார் என்று அர்த்தம், சமையலைப் பார்த்துக்கொண்டார் என்றால் அவரே சமைத்தார் என்று அர்த்தம். வக்கீலுக்கு அந்த அர்த்தம்தான் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் நானும் அந்த வார்த்தையை எடுத்தேன். எழுதினது யார் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் தீர்ந்த பிறகும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஆமா, நான்தான் பாத்தேன்" என்றார் அக்கா.

அவர் சொன்னதும் உண்மைதான். நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன், பொறுப்பு என்னுடையது என்கிற அர்த்தத்தில் சொன்னார். முதலாளி, "இதுல தம்பியோட பேர் இருக்கே" என்று திரையைக் காட்டினார். அக்கா உடனே, "அவன் புதுசு சார், அவன விடுங்க. நான் கவனிச்சிருக்கணும்" என்றார். வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டார். பெரியவங்க சொல்லியிருப்பாங்க, சின்னவன் டைப் அடிச்சிருப்பான் என்று முதலாளியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். டாக்டரம்மாவின் மகள் போட்ட கேஸில் குற்றம் சாட்டப்பட்டவர் அவர் ஒருவர்தான் ஆனார். வேலை சீக்கிரம் முடிய, காத்திருக்கும் பகுதியை எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டவர் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அப்படி ஒரு உத்தரவு இல்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. டெஸ்டில் கை வைத்தது நான், தெரிந்தே வைத்தேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. அவர் மகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு சூட்கேஸில் அக்கா துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை தான் போக வேண்டி வந்தால் மகள் தங்கச்சி வீட்டில் இருப்பாள், அதற்குத்தான் என்றார். சட்டைகளில் ஒவ்வொன்றாகப் பட்டன் தைத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துத்தான் மடித்தார். என்னை உட்காரச் சொன்னார்.

"இளைச்சுட்டியேடா. வேலை எப்படிப் போகுது?"

"போகுதுங்க்கா."

அடுத்த சட்டையை எடுத்து மடித்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"டெஸ்ட்ட நீ மாத்தினது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. என் வக்கீல் கோர்ட்ல சொல்லச் சொல்றார், நான் சொல்லல. தெரியாமதானே மாத்தினே? அது எதுக்கு இருக்குன்னு புரியாமதானே?"

"ஆமாங்க்கா."

"அதான். எனக்குத் தெரியும்." அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "தெரிஞ்சு பண்ணியிருந்தா நான் உன்ன விட்டிருக்க மாட்டேன். தெரியாத புள்ளைய எப்படிடா மாட்டிவிடறது? நான்தானே சொல்லிக் கொடுத்திருக்கணும்."

ஆரஞ்சை உரித்து எனக்கே கொடுத்தார். நான் தின்றேன். அதை இப்போது சொல்லும்போதுதான் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

வாசல்வரை வந்தவர், "இப்ப அது சரியாயிடுச்சுல்ல?" என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அக்கா குற்றவாளி இல்லை. அந்த வரியை எழுதியவன் நான், டெஸ்டை மாற்றியவன் நான், அவர் அவசரத்தில் இருக்கிற நேரம் பார்த்துக் காட்டியவன் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இதைச் சொன்னதில் எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருக்கிறது. அக்காவின் மகள் அம்மாவோடு இருப்பாள். நான் செய்த ஒரே பாவம் அது, அதைக் கழுவிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டனா? அதைச் சரிசெய்ய என்னைத்தான் சொன்னார்கள். அக்கா நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்கிறேன், எழுதுவதும் நான், பார்த்து ஒப்புதல் கொடுப்பதும் நான். திரும்ப எழுதிப் பார்த்தேன், பழையபடி பெட்டி உறைந்துவிட்டது, காத்திருக்கும் பகுதியை மறுபடி எடுத்துவிட்டேன். முதலாளி வந்து "சரி பண்ணிட்டியா, எல்லாம் பச்சையா?" என்று கேட்டார். பச்சை என்றேன். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் தடவை என்ன நடந்தது என்று அதையும் கேட்டிருப்பார்கள். மறுபடி ஒருவரும் சாகவில்லை. இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்று சொல்வதுதான் சரியாக இருக்கும். நெட் எப்போதாவதுதான் போகிறது.

எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. நான் அக்கா இடத்துக்கு வந்தபோது முதலாளி அம்மாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அம்மா அதைத் தாலிச்செயின் மாதிரி கழற்றாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள், என் பையன் செய்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்தி அழுத்திப் பச்சை காட்டுகிறாள். அவளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம். முதல் நாளே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்: "அம்மா, விழுந்தா இத நம்பிக்கிட்டுப் படுத்திருக்காத. ஊரே கேக்கற மாதிரி கத்து."